பாறைமேல் வைத்த சோறு

அம்மா,

இன்று காலை தம்பி பரணை ஒழித்தான். மழை வலுப்பதற்குள் ஒழித்துவிட வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இன்றைக்கு என்ன தோன்றியதோ, டீ கூடக் குடிக்காமல் ஏணியைப் போட்டு ஏறிவிட்டான். உடைந்த மிக்ஸி, நைனாவின் சைக்கிள் டைனமோ, மூடி இல்லாத நான்கு தூக்குகள் எல்லாம் வரிசையாக இறங்கின. கடைசியில் ஒரு சாக்குப் பையைக் கீழே போட்டு, "அக்கா, இது உன்னுதா பாரு. கம்பளி மாரி கீது" என்றான்.

உன் ஸ்வெட்டர். கோத்தகிரிச் சந்தையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியது. கடுகு நிறம், முழங்கையில் நீயே போட்ட ஒட்டு. முகத்தில் வைத்துப் பார்த்தேன். விறகுப் புகையும் நீலகிரித் தைலமும் உன் பவுடரும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. கள்ளிக்குப்பத்துப் புழுக்கத்தில் அதைக் கையில் பிடித்திருக்கவே வேர்த்தது. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. தம்பி ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்தான். பிறகு அடுத்த மூட்டையை இழுத்தான்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. உனக்குப் படிக்கத் தெரியாது. எழுதினால் யாராவது படித்துக் காட்ட வேண்டும். இது இன்னொருவர் வாயிலிருந்து நீ கேட்க வேண்டிய சங்கதி இல்லை. நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நான் பொய் சொன்னேன். நீ போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகியும் அந்தப் பொய் என்னோடு குடித்தனம் நடத்துகிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை. நாம் மலைக்குப் போனதிலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்.

எனக்கு மாறுதல் உத்தரவு வந்தபோது நைனா இறந்து ஐந்து மாதம். கோத்தகிரிக்கு அப்பால் ஒரு தேயிலைக் கிராமம், துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. ரத்து செய்யப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ மட்டும் பெட்டி கட்ட ஆரம்பித்தாய். "தனியா போயி இன்னா பண்ணுவ? குளுருல வெறச்சிப் பூடுவ. நானும் வரேன்" என்றாய். எனக்குத் துணையாக வருவதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாய். உண்மை அது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நைனா உட்கார்ந்து இருமிய அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உன்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. நாற்பத்து நான்கு வயசில் கல்யாணம் ஆகாத மகளோடு போய் மலையில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தாய். நானும் அதையேதான் நினைத்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறும்போது புரட்டாசி முடியப் போகிறது. ரோட்டோரம் முழுக்கக் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. "யாருடி இம்மாம் பூவ நட்டு வெச்சது? பறிக்க ஆளு இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். பாதி மலையில் ஒரு வளைவு திரும்பியதும் பஸ் முழுக்க வெள்ளையாகப் பனிமூட்டம் புகுந்தது. நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் மூக்கையும் பொத்தினாய். "கொசு மருந்து அட்ச்சிகினு போறான்டி, மூச்சு இய்க்காத!" கண்டக்டர் சிரித்த சிரிப்பில் டிக்கெட் கட்டு கீழே விழுந்தது. அம்பத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எந்த வெள்ளைப் புகை தெரியும்?

குவார்ட்டர்ஸ் என்று கொடுத்தது நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை, தகரக் கூரை. முன்னால் தேயிலைச் சரிவு. பின்னால் சமையலறை வாசலிலிருந்து ஐம்பது அடி தள்ளி ஒரு தட்டைப் பாறை. பாறைக்குக் கீழே காடு தொடங்கிவிடும். முதல் வாரம் நீ அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் "ஐயோ, கொட்டுதுடி" என்பாய். இரண்டு புடவை, அதன்மேல் என் பழைய சுடிதார் சால்வை, அதன்மேல் துண்டு. பார்க்க நீயே ஒரு துணி மூட்டை மாதிரி இருந்தாய். ஓடையில் தண்ணீர் குடிக்க மான் வரும். அது குரைப்பதைக் கேட்டு, "தொண்ட கட்டின நாயா? மருந்து குட்றி பாவம்" என்றாய்.

காட்டுமாட்டை நீ விரட்டிய கதையை இந்தத் தெருவில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. காலையில் துணி காயப்போடப் போனவள் திரும்பி வராததால் நான் எட்டிப் பார்த்தேன். கொடிக்கு அந்தப் பக்கம் கருப்பாக, உன்னைவிட ஒரு முழம் உயரமாக அது நிற்கிறது. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். "யாரு ஊட்டு எரும இது? அவுத்து உட்டுட்டுப் போயி எங்கடா பட்த்துகினுகீறீங்க?" பாதையில் போன ஒரு பெண் கூடையை அப்படியே போட்டுவிட்டு, சத்தம் வராத குரலில் கத்தினாள். "அம்மா, அசையாதீங்க! அது காட்டுமாடு!" "மாடுன்னா மாடுதான?" என்று நீ நாக்கைத் தட்டி "ஹை, ஹை" என்றாய். நிலத்தை விற்பதற்கு முன் எருமை மேய்த்த கையாயிற்றே. அதுவும் உனக்குக் கட்டுப்பட்ட மாதிரி திரும்பித் தேயிலைக்குள் நடந்து போனது. போன வருஷம் ஒருவரை முட்டிக் கொன்றது இதே இனம்தான் என்று அந்தப் பெண் சொன்ன பிறகு, நீ ஒரு மணி நேரம் வாசற்படியை விட்டு எழவில்லை.

அந்தப் பெண்தான் பாக்கியம். சரிவுக்குக் கீழே தொழிலாளர் லைன் வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும்போதும் வரும்போதும் நம் வீட்டைத் தாண்டித்தான் போவாள். அன்றிலிருந்து அவள் உன் சிநேகிதி. அவள் உனக்கு அட்டைக்கு உப்பு வைக்கக் கற்றுக் கொடுத்தாள். நீ அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாய். அவள் பேச்சு உனக்குப் பாதி புரியாது, உன் பேச்சு அவளுக்கு முக்கால் புரியாது. அதனால் இரண்டு பேரும் நிறையப் பேசினீர்கள்.

காக்கைதான் வரவில்லை.

நைனா போனதிலிருந்து வருஷம் திரும்புகிற வரைக்கும் தினமும் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவது என்று நீ வைத்துக்கொண்டிருந்தாய். வைத்தால் மட்டும் போதாது, அது எடுக்க வேண்டும். கள்ளிக்குப்பத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. நீ மாடிச் சுவரில் சோற்றை வைத்து "கா" என்பதற்குள் எட்டுக் காக்கை அடித்துக்கொண்டு நிற்கும். மலையில் கடைத்தெருவில்தான் காக்கை உண்டு, நம் சரிவில் இல்லை. எப்போதாவது ஒரு அண்டங்காக்கை வந்து கூரைமேல் உட்காரும். நீ அதற்கு வைக்க மாட்டாய். "கய்த்துல சாம்பல் நெறம் இருக்கோணும். இது நம்ம ஆளு இல்ல" என்று விரட்டுவாய். காலையிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு வரை வெறும் வயிற்றோடு வாசலில் நின்று கூப்பிடுவாய். அந்தச் சரிவில் உன் குரல் போய்விட்டுத் திரும்பி வரும். சுகர் மாத்திரையை மட்டும் வேளாவேளைக்குப் போட்டுவிடுவாய், நர்ஸ் மகள் திட்டுவாள் என்று. ஒரு நாள் நான் தடுப்பூசி போட்டுவிட்டு வந்து பார்த்தால், நீ உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, சுவரோரம் சரிந்து கிடக்கிறாய். சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டே நான் கத்தினேன். நீ மெதுவாகச் சொன்னாய், "அவரு பசியோட நிக்கிறப்ப நான் எப்புட்றி துன்றது? புது ஊரு. அவருக்கு வயி தெரியல போல."

பாறையில் வைக்கச் சொன்னது நான்தான். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பாறை காட்டைப் பார்த்து இருக்கிறது, ஏதாவது பறவை வரும், எடுத்தால் நீ சாப்பிடுவாய் என்று நினைத்தேன். வாழை இலை கிடைக்காத ஊர் என்பதால் நைனாவின் எவர்சில்வர் தட்டில் வைத்தாய். பெயர் பொறித்த தட்டு. "தட்டப் பாத்தாவது ஊட்ட அடையாளம் கண்டுக்கட்டும்" என்றாய். மறுநாள் காலை ஆறரைக்கு வைத்தாய். ஏழரைக்குப் போய்ப் பார்த்தால் தட்டு சுத்தமாக இருந்தது. நீ தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாய். அறுபத்தெட்டு வயசில், அந்த வழுக்குப் புல்லில். "வந்துட்டாருடி. உங்க நைனா வந்துட்டாரு."

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம்தான் நாம் அங்கே வாழ்ந்தோம் என்று சொல்ல முடியும். நீ எட்டு மணிக்கு நாஷ்டா சாப்பிட்டாய். சுகர் ஒரு நிலைக்கு வந்தது. நான் குத்திப் பார்த்து எண்ணைச் சொன்னபோது, "அவரு துன்றாரு, எனுக்கு ஒடம்பு தேறுது" என்றாய். சோறு வெறும் சோறாக இல்லை, நெய் சேர்ந்தது, வெல்லம் சேர்ந்தது, நைனாவுக்குப் பிடித்த மசால் வடை சேர்ந்தது. சந்தைக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கினோம். முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளைப் பொறுக்கி ஜன்னலில் சொருகி வைத்தாய். ஒரு காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாய், "இங்கியே இர்ந்துடலாம்டி. கட தெருவுக்கு நடந்தாலே மூச்சு வாங்கும் அந்த மனுசனுக்கு. இப்ப பாரு, மல ஏறி வராரு."

அதற்கு முந்தின நாள் நான் கரடியைப் பார்த்துவிட்டேன், அம்மா.

ஒரு பிரசவ கேஸுக்காகச் சீக்கிரம் கிளம்பினேன். பனிமூட்டம். பாறையில் ஏதோ கருப்பாகக் குனிந்திருந்தது. நீதான் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துக் கூப்பிட வாயைத் திறந்தேன். அது தலையைத் தூக்கியது. நெஞ்சில் வெள்ளைப் பட்டை. வாயெல்லாம் சோறு. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து தட்டை நக்கியது. அவசரமே இல்லை அதற்கு. பழகிய வீட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

உன்னிடம் எப்படிச் சொல்வது? "வந்தது நைனா இல்லை" என்று ஒரே வரிதான். நான் எத்தனையோ வீட்டில் எவ்வளவோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வரி வாயில் வரவில்லை. சொன்னால் நீ மறுபடி வெறும் வயிற்றோடு நிற்பாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, உன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை அணைக்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

அதனால் நான் காக்கையானேன். தினமும் நீ தட்டை வைத்துவிட்டுக் குளிக்கப் போவாய். நான் வாக்கிங் என்று சொல்லிவிட்டு, கையில் காலி பால்பவுடர் டப்பாவும் கரண்டியுமாகத் தட்டிக்கொண்டே பாறைக்குப் போவேன். சோற்றைப் பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு, தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, மேல் ரோட்டைச் சுற்றி வருவேன். முதல் நாளே நீ கேட்டாய், "இன்னாத்துக்குடி தகரம்?" "பாம்பு வரும்மா." "பாம்புக்குக் காது கேக்காதே?" "மலைப் பாம்புக்குக் கேட்கும்." நீ நம்பின மாதிரிதான் இருந்தது. வனத்துறை வாட்சர் ஒருவர் இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர் சொன்னார், "யாரோ நெய்ச்சோறு வெக்கிறாங்க மேடம். ருசி கண்டுருச்சு, இனி லேசுல விடாது. தெரிஞ்சா சொல்லுங்க." நான் "விசாரிக்கிறேன்" என்றேன். சிரப்பை அளந்து ஊற்றிய கை ஆடவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பதினொரு நாள் அப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் எனக்கு மாதாந்தர மீட்டிங், ஆறரைக்குப் பஸ். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். பதினொரு நாளாகச் சோறு கிடைக்காமல் அது வராமல் போயிருக்கும் என்றும் நினைத்தேன். நினைப்பதற்குத்தான் என்ன குறைச்சல்.

பஸ்ஸில் பாதி வழி போனபோது போன் வந்தது. திரும்பி வந்து பார்த்தால் நிலையத்தின் பெஞ்சில் பாக்கியம். தலைத்தோல் கிழிந்து, வலது கை தோளிலிருந்து முழங்கை வரை பிளந்து, கொழுந்துக் கூடையின் கயிறு இன்னும் நெற்றியில் மாட்டியபடி. பாறையை ஒட்டிய பாதையில் பனிக்குள் நடந்து போனவள், சாப்பிட்டுக்கொண்டிருந்த கரடிக்கு எதிரே போய் நின்றுவிட்டாள். நான் கட்டுப் போட்டேன், ஊசி போட்டேன், ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். நீ அவள் பாதத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். வாசலில் கூட்டம். அப்போது அந்த வாட்சர் நசுங்கிய தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "பேரு வெட்டியிருக்கு. ப. முனிரத்தினம், கள்ளிக்குப்பம்னு போட்டிருக்கு. யாருங்க இது?"

நீ எழுந்து நின்றாய். "என் ஊட்டுக்காரரு. சோறு வெச்சது நான்தான். யாருக்கும் தெரியாது, நான்தான் வெச்சேன்."

அத்தனை பேர் முன்னால் நீ தனியாக நின்றாய். யாரோ திட்டினார்கள், பட்டணத்து ஆளுக்குக் காடு என்றால் என்ன தெரியும் என்று. வாட்சர் என்னைப் பார்த்தார். நான் பாக்கியத்தின் கையில் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். என் வேலையில் நான் மும்முரமாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நீ நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "அப்ப அவரு ஒரு நாளு கூட வரவே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"உனுக்குத் தெரியுமாடி?"

"தெரியாதும்மா" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். விறகை உள்ளே தள்ளினாய். "சாப்புடு, ஆறிப் பூடும்" என்றாய்.

அதன் பிறகு நீ காக்கைக்கு வைக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பாக்கியம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், தினமும் அந்தச் சரிவில் இறங்கி அவள் வீட்டுக்குப் போனாய். சோறு வடித்தாய், ஊட்டினாய், தையல் போடாத பக்கத்து முடியைச் சிக்கெடுத்துப் பின்னினாய். கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் உனக்கு ஒரு பொருட்டாக இல்லை. நான் திட்டினால், "அவ கையி என்னாலதான போச்சி" என்பாய். என்னாலதான் என்று நீ சொல்கிற ஒவ்வொரு தடவையும் நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டு அனுப்பினேன். நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் வந்தது. தம்பி வந்து கார் வைத்துச் சென்னைக்குக் கூட்டிப் போனான். எனக்கு லீவு மறுநாளிலிருந்துதான் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது, "பாக்கியத்துக்குத் தல வாரி உட்டியா?" என்பதைத்தான். ரயிலில் அரக்கோணம் தாண்டும்போது தம்பி கூப்பிட்டான். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

வைகாசி வரை நான் அங்கே தனியாக இருந்தேன். பாக்கியத்தை வாரம் இரண்டு தடவையாவது பார்ப்பேன். கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுப்பேன், தலையும் வாரிவிடுவேன். எல்லாம் பேசுவோம், அதைத் தவிர. பூந்தமல்லிப் பக்கம் மாறுதல் கிடைத்து நான் கிளம்பிய அன்று, பஸ் நிறுத்தம் வரை வந்தாள். இடது கையால் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளைக் கொடுத்துவிட்டு, "நர்ஸம்மா, என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள். "உடம்பைப் பார்த்துக்கோ பாக்கியம்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். ஆறு மாதமாகக் குமணன்சாவடி நிறுத்தத்தில் பஸ் மாறும்போதெல்லாம் அந்தக் கேள்வி ஞாபகம் வரும். பஸ் வந்துவிடும், ஏறிவிடுவேன். எனக்கு எப்போதும் ஒரு பஸ் வந்துவிடுகிறது.

இன்று உன் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு போன் செய்தேன். அவள் எடுத்ததும், நலம் விசாரித்தால் மறுபடி நழுவிவிடுவேன் என்று நேராகச் சொன்னேன். எனக்குத் தெரியும் என்று. பன்னிரண்டு நாள் முன்னாலேயே கரடியைப் பார்த்தேன் என்று. தட்டை நானே காலி செய்தேன் என்று. அம்மா எதையும் அறியாமல் பழியை ஏற்றுக்கொண்டாள் என்று.



"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள் பாக்கியம். "எனக்குச் சோறு ஊட்டிக்கிட்டே ஒரு நாள் சொன்னாங்க. 'எம் பொண்ணுக்குத் தெரிஞ்சிகீது. காக்காவுக்கா தகரம் தட்டுவாங்க? கேட்டேன், இல்லன்னு சொல்லிச்சி. நான் துன்னணும்னு பண்ணிகீது. அதுவா வந்து உன்கிட்ட சொல்லும். அது வரிக்கும் நீ கேக்காத, கோவப்படாத, எனுக்காவ'ன்னு கையப் புடிச்சிக்கிட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

நீ தலையை ஆட்டினாயே, அது நம்பிய தலையாட்டல் இல்லை. உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் "சாப்புடு" என்றாய்.

"இப்ப நீங்க சொல்லிட்டீங்க" என்றாள் பாக்கியம். "இனிமே நான் கோவப்படலாம்ல நர்ஸம்மா?"

"படலாம்" என்றேன்.

அவள் ஆரம்பித்தாள். பாக்கியம் குரலை உயர்த்தி நீயும் கேட்டிருக்க மாட்டாய், நானும் கேட்டதில்லை. கையை இன்னும் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை என்றாள். கொழுந்து பறிக்க இனி எந்தக் காலத்திலும் போக முடியாது என்றாள். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன் என்றாள். "அந்தப் பன்னெண்டு நாள்ல தெனம் உங்க வாசல்ல நின்னு பேசிட்டுத்தானே போனேன்? கரடின்னு சொல்ல வேணாம். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னா தெரிய வேணாம். 'பாக்கியம், அந்தப் பக்கம் போகாத'ன்னு ஒரு வார்த்த என் காதுல சொல்லியிருந்தா, நான் மேல் ரோட்டுல சுத்திப் போயிருக்க மாட்டேனா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். பிறகு "அடுப்புல சோறு இருக்கு, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். மறுபடி பேசு என்று சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை.

நீ எனக்காக அவளிடம் கேட்டு வாங்கியிருந்த பொறுமை இன்றோடு தீர்ந்தது, அம்மா. உன்னிடம் சொன்ன பொய்யைத்தான் பெரிதாக நினைத்து இத்தனை மாதம் உருகிக்கொண்டிருந்தேன். உன்னை ஏமாற்றினேன், உன்னைத் தனியாக நிற்க விட்டேன் என்று நினைத்தேன். அழுததெல்லாம் உனக்காகத்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் வாசலில் கூடையோடு நின்று சிரித்துவிட்டுப் போனவளை நான் ஒரு தடவை கூட நினைக்கவில்லை. இனி நான் சுமக்கப் போவது அவள் கேட்ட அந்தக் கேள்வியை. அந்த மேல் ரோடு எனக்கு நன்றாகத் தெரியும், பதினொரு நாள் நடந்திருக்கிறேன். சுற்றிப் போனால் பதினைந்து நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.